கரிசலில் சிக்கிய சக்கரம்

ஐப்பசி மழை வெறித்த மறுநாள், பேரையூர் பக்கம் மாமாவின் பருத்திக் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையில் அவருடைய சொகுசு எஸ்யூவி சிக்கிக்கொண்டது. இடது முன் சக்கரம் சேற்றை வாரி இறைத்துச் சுழன்றது. கெட்டித் தரையில் நின்ற வலது சக்கரமோ அசையவே இல்லை.

"இவ்வளவு பெரிய இன்ஜின் இருந்தும் நகர மறுக்கிறதே, மாப்பிள்ளை!" என்றார் மாமா.

இன்ஜினில் குறை இல்லை. வளைவில் வெளிச் சக்கரம் உள் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்கு இடம் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதிதான் டிஃபரன்ஷியல். அது இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சம அளவு விசையையே தரும். ஏர் மாடுகளைப் பாருங்கள்: நுகத்தடியின் நடுவில்தான் ஏர்க்கால் பூட்டப்படுகிறது. ஒரு மாடு தளர்ந்துவிட்டால், மற்றதன் இழுப்பு நுகத்தைச் சாய்க்குமே தவிர ஏரை நகர்த்தாது. கரிசல் களிமண் நீரை உறிஞ்சி உப்பி, டயரின் வரிப்பள்ளங்களை அடைத்து வழவழப்பாக்கிவிடுகிறது. வழுக்கும் சக்கரம் வாங்குவது கொஞ்சம் விசை. அந்தக் கொஞ்சம்தான் வலது சக்கரத்துக்கும்.

நான்கு சக்கர இயக்கம் இருந்தாலும், முன் அச்சு, பின் அச்சு, இரண்டுக்கும் நடுவில் என மூன்று டிஃபரன்ஷியல்களும் பூட்டில்லாதவை என்றால் ஒரே ஒரு சக்கரம் வழுக்கினால் போதும், வண்டி நின்றுவிடும். இன்றைய சொகுசு வண்டிகள் பல, சுழலும் சக்கரத்தை பிரேக்கால் பிடித்து மற்றதற்கு விசை கிடைக்கச் செய்கின்றன. நல்ல ஏற்பாடுதான், ஆனால் நெடுநேரச் சேற்றில் பிரேக் சூடேறிவிடும். கரடுமுரடுப் பாதைக்கென்றே செய்த வண்டியின் டிஃபரன்ஷியல் பூட்டோ இரு சக்கரங்களையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கிறது. மாமாவின் வண்டியை இழுக்க வந்த டிராக்டரும் சேற்றில் ஒருகணம் வழுக்கியது. ஓட்டுநர் காலடியில் இருந்த பூட்டு மிதியை அழுத்தினார். இரண்டு பெரிய சக்கரங்களும் சேர்ந்து கவ்வின.

பூட்டோடு தாழ்நிலை கியரும் உண்டு. சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசையைச் சுமார் இரண்டரை மடங்காக்கி, வேகத்தை அதே அளவு குறைக்கும். லாரிக்கு இருப்பது போன்ற தனி இரும்புச் சட்டம், ஒரு சக்கரம் பாறையில் ஏறினால் மறுசக்கரத்தைத் தரையில் அழுத்தும் ஒரே துண்டான பின் அச்சு ஆகியவையும் அந்த வண்டிகளின் பலம். அதே கனத்த அச்சுதான் தார்ச்சாலைப் பள்ளத்தில் இடுப்பை உலுக்குகிறது. உடற்கூடும் சட்டமும் ஒன்றாகவே அமைந்த, சக்கரங்கள் தனித்தனியாக அசையும் சொகுசு வண்டி, சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளிலும் அதிகம் சாயாமல் திரும்பும்.

தோற்றத்தை மட்டும் நம்ப வேண்டாம். கரடுமுரடுப் பாதைக்குப் பேர்போன மஹிந்திராவின் 'தார்' வண்டியிலேயே 2023 முதல் பின் சக்கரங்களை மட்டும் இயக்கும் வகை விற்பனைக்கு வந்துவிட்டது.

வண்டியை மாற்றிவிடலாமா என்று மாமா கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்குச் சேறு ஆண்டில் சில நாள்தான். மற்ற நாளெல்லாம் திருமங்கலம் நான்குவழிச் சாலையில், முதுகுவலிக்கார அத்தையோடு மதுரை மருத்துவமனைக்குப் போகும் பயணம். ஆனால் காட்டுக்குள்ளேயே குடியிருக்கும் அவருடைய பங்காளிக்கு மழைக்காலத்தில் வேறு பாதையே கிடையாது. அவரிடம் பூட்டும் தாழ்நிலை கியரும் உள்ள வண்டியைத்தான் வாங்கச் சொன்னேன்.