கோதுமை இல்லாத ரொட்டியில் குமிழ்கள் எப்படி நிற்கின்றன?

கோயம்புத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய ஒன்பது வயது மகளுக்குச் சீலியாக் நோய் இருப்பது சென்ற ஆண்டு உறுதியாகியிருக்கிறது. கோதுமை அறவே கூடாது என்றும், குடல் தேறும் வரை பாலையும் நிறுத்திவைக்கலாம் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். தோழிகள் பள்ளிக்குக் கொண்டுவரும் பழ ரொட்டிக்கு ஏங்கிய மகளுக்காக, மைதாவுக்குப் பதில் அரிசி மாவையும் பாலுக்குப் பதில் தண்ணீரையும் சேர்த்து அவரே வீட்டில் செய்துபார்த்தார். வெட்டிப் பார்த்தால் மேலோட்டுக்குக் கீழே ஒரு பெரிய பொந்து, அதற்கும் கீழே களியைப் போல இறுகிய பாளம், போட்ட திராட்சை அத்தனையும் அடித்தட்டில். ‘ஈஸ்ட் கெட்டுப்போயிருந்ததா?’ என்பது அவர் கேள்வி. ஈஸ்ட் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. அந்தப் பொந்தே அதற்குச் சாட்சி. உண்டான வாயுவைச் சிறு சிறு அறைகளில் பிடித்துவைக்கத்தான் அங்கே ஆள் இல்லை.

சீலியாக் நோயில், குளூட்டன் எனப்படும் கோதுமைப் புரதத்தின் துண்டுகளைப் பகையென்று கருதி, உடலின் நோய் எதிர்ப்பு மண்டலம் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. நோயைத் தூண்டுவது கோதுமைதான் என்று நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1930களிலேயே அவருக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் மீண்டும் நலிந்ததையும் கண்டார். 1950இல் தம் ஆய்வேட்டில் கோதுமையின் பங்கைப் பதிவுசெய்தார். பாலை ஏன் நிறுத்த வேண்டும் என்பதற்கும் விடை அதே குடற்சுவரில் இருக்கிறது. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையை உடைக்கும் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போல நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகளின் நுனியில் அமர்ந்திருப்பது. உறிஞ்சிகள் தேய்ந்தால் முதலில் போவது அந்த நுனிதான். அவை மீண்டும் வளர்ந்த பிறகு பலருக்குப் பால் மறுபடி ஒத்துக்கொள்கிறது.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குளூட்டன் எல்லோருக்கும் நஞ்சு என்று கைபேசிகளில் சுற்றும் செய்தி மூடநம்பிக்கையே தவிர வேறில்லை. அதை நம்பித் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டு ஆறு மாதம் கழித்து இரத்தப் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு, நோய் இருந்தாலும் இல்லை என்று முடிவு வரக்கூடும். ஏனெனில் பரிசோதனை தேடுகிற எதிர்ப்பொருள்கள் கோதுமையை உண்டால்தான் இரத்தத்தில் இருக்கும். ஐயம் உள்ளவர்கள் முதலில் பரிசோதிக்க வேண்டும், பிறகுதான் நிறுத்த வேண்டும்.

இனி ரொட்டிக்கு வருவோம். ரொட்டி என்பது இறுகிப்போன ஒரு நுரை. ஈஸ்ட் புதிதாக ஒரு குமிழைக்கூட உண்டாக்குவதில்லை. மாவைப் பிசையும்போதும் அடிக்கும்போதும் உள்ளே சிக்கிய காற்றே நுண்குமிழ்களாக இருக்கிறது. ஈஸ்ட் வெளியிடும் கரியமில வாயு முதலில் மாவின் நீரில் கரைந்து, பிறகு அந்தக் குமிழ்களுக்குள் புகுந்து அவற்றை ஊத வைக்கிறது. கோதுமை மாவில் கிளியாடின், குளூட்டெனின் என்ற இரு புரதங்கள் நீருடன் சேர்ந்து, இழுத்தால் நீள்கிற, விட்டால் ஓரளவு சுருங்குகிற வலையாகின்றன. இந்த வலையின் சாமர்த்தியம் என்னவென்றால், இழுபட இழுபட அது விறைப்பாகிறது. குமிழின் சுவர் எங்கே மெலிகிறதோ அங்கேயே விறைப்புக் கூடுவதால், அந்த இடம் கிழியாமல் தப்பி, அடுத்த இடம் நீள்கிறது. பரோட்டா மாஸ்டர் வீசும் மாவு கண்ணாடித்தாள் போல விரிந்தும் கிழியாததற்குக் காரணம் இதுவே. அரிசி மாவில் இந்த வலை கிடையாது. சுவர் உடைகிறது, சிறு குமிழ்கள் பெருங்குமிழ்களோடு கலக்கின்றன, பெருங்குமிழ்கள் மிதந்து மேலேறுகின்றன, கனமானவை அடியில் தங்குகின்றன. வாசகி வெட்டிப் பார்த்தது இந்த வரலாற்றைத்தான்.

வலைக்கு மாற்றாக இசப்கோல் உமி வருகிறது. மலச்சிக்கலுக்கு இரவில் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் அதே உமிதான். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் வறண்ட குளிர்காலத்தில் விளையும் ஒரு சிறு செடியின் விதைத்தோல் அது. மழை அரிதான நிலத்தில் கிடைக்கும் ஈரத்தைப் பற்றிக்கொண்டு முளைப்பதற்கும், மண்ணோடு ஒட்டிக்கொள்வதற்கும் விதை தன்னைச் சுற்றி வழவழப்பான ஓர் உறையை உண்டாக்குகிறது. சர்பத்தில் சப்ஜா விதையைச் சுற்றிக் கண்ணாடி போலத் தெரியும் உறையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்த உறையின் பெரும்பகுதி அராபினோசைலான் என்ற பல்சர்க்கரை: சைலோஸ் சர்க்கரைகள் கோத்த நீண்ட தண்டில், அராபினோஸும் சைலோஸும் கிளைகளாக அடர்ந்து நிற்கும். கிளைகள் தண்டுகளை நெருங்கிக் கட்டிப்பட விடுவதில்லை. அதனால் இடைவெளிகளில் நீர் புகுந்து நிறைகிறது. ஆனாலும் முழுக்கக் கரைந்து ஓடிவிடாத அளவுக்குத் தண்டுகள் அங்கங்கே ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. விளைவு, தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை ஏந்திய, கையில் எடுத்தால் வழியாத, பிசைந்தால் வளைந்துகொடுக்கும் கூழ்மம்.

இந்தக் கூழ்மத்தின் ஒரு குணம் எனக்கு மிகவும் பிடித்தது. மெல்லிய விசைக்கு அது திடப்பொருள், வலிய விசைக்குத் திரவம். ஒரு திராட்சையின் எடை அதை நகர்த்தப் போதாது. ஆகவே திராட்சை வைத்த இடத்தில் நிற்கும், அடியில் போய்ச் சேராது. ஒரு நுண்குமிழின் மிதப்பு விசையும் போதாது. ஆகவே குமிழும் மேலேறிப் போய்விடாது. அதே வேளையில், ஈஸ்ட் குமிழுக்குள் வாயுவைத் திணிக்கும்போது ஏறும் அழுத்தத்துக்கு அது இடம்கொடுத்து விரிகிறது. பழத்தை மூழ்கவிடாததும் காற்றை ஓடவிடாததும் ஒரே குணம்தான். கோதுமையின் உறவுத் தானியமான, குளூட்டன் வலை பலவீனமான ரையில் ஜெர்மானியர்கள் காலங்காலமாக ரொட்டி சுடுகிறார்களே, அதிலும் பாரத்தில் பெரும்பங்கைத் தாங்குவது ரையின் அராபினோசைலான்தான்.

ஓவனுக்குள் போனதும் வேறொரு சிக்கல் எழுகிறது. சூடேற ஏற இசப்கோல் கூழ்மம் நெகிழ்கிறது. ஈஸ்ட் 60 டிகிரி செல்சியஸுக்குள் இறந்துவிடும்; ஆனால் வாயு விரிவதும் நீர் ஆவியாவதும் நிற்பதில்லை. சுவர் தளரும் இந்த நேரத்தில்தான், ஏறக்குறைய 65 முதல் 80 டிகிரிக்குள், அரிசி மாவின் ஸ்டார்ச் மணிகள், அதாவது மாவுச்சத்து மணிகள், நீரை உறிஞ்சி ஊதி இறுகத் தொடங்குகின்றன. அந்த நீரைக் கொடுப்பது, அதுவரை அதைப் பத்திரமாக ஏந்தியிருந்த கூழ்மமே. ஒருவர் தோளிலிருந்து இறக்கிய பல்லக்கை மற்றவர் தோள்கொடுத்து ஏற்பது போன்ற கைமாற்றம் இது. நீர் குறைவாக இருந்தால் ஸ்டார்ச் முழுதாக வேகாது. அதிகமாக இருந்தால் இறுகுவதற்குள் நுரை சரிந்துவிடும்.

அரிசியில் நுரை கட்டும் கலை நமக்குப் புதிதன்று. இட்லி மாவில் கரியமில வாயுவை உண்டாக்குபவை பாக்டீரியாக்கள். அதைப் பிடித்துவைப்பது உளுந்து. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1970களிலேயே உளுந்தின் வழவழப்பில் உள்ள அராபினோகாலக்டான் என்ற பல்சர்க்கரையும் அதன் புரதமும் சேர்ந்து இதைச் செய்கின்றன என்று காட்டினார்கள். இதுபோன்ற சமையலறைக் கேள்விகளுக்கு அரசுப் பணம் செலவாவதை வீண் என்று சொல்வோர் உண்டு. இன்று பல குளூட்டன் இல்லாத உணவுப் பொட்டலங்களில் காணப்படும் சாந்தன் பசையும் அமெரிக்க வேளாண் துறையின் பியோரியா ஆய்வகத்தில் அல்லீன் ஜீன்ஸ் குழுவினர் கண்டெடுத்ததுதான். அந்தப் பணத்தை நான் வீண் என்று நினைக்கவில்லை. இசப்கோல் விளையும் நாட்டில் அதை இன்னும் மருந்துக்கடைச் சரக்காகவே வைத்திருப்பதுதான் எனக்கு வருத்தம்.

மாவின் தரமும் முக்கியம். காய்ந்த அரிசியை அரைக்கும்போது சூட்டிலும் உராய்விலும் ஸ்டார்ச் மணிகள் சிதைகின்றன. சிதைந்தவை நேரத்துக்கு முன்பே நீரைக் குடித்துவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2017இல், சிதைவு குறைந்த அரிசி மாவாக இருந்தால் எந்தப் பசையும் சேர்க்காமலேகூட ரொட்டி எழும்புவதைக் காட்டி, முழு மணிகள் குமிழைச் சுற்றி அடுக்கி நின்று காப்பதே காரணமாக இருக்கலாம் என்றார்கள். இடியாப்பத்துக்கு ஊறவைத்து, வடித்து, ஈரத்தோடு அரைக்கிறோமே, அந்த மாவுதான் இதற்கும் ஏற்றது. வறுக்க மட்டும் கூடாது. சீலியாக் உள்ள வீட்டில் அதைப் பொது மாவு மிஷினில் கொடுக்கவும் கூடாது. முன்னால் அரைத்த கோதுமையின் தூசி போதும். கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் மைதா இருக்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அளவுகள் இவை: அரிசி மாவு 200 கிராம், மரவள்ளி மாவு 100 கிராம், இசப்கோல் உமி 18 கிராம், சர்க்கரை 25, உப்பு 5, உடனடி ஈஸ்ட் 6, தேங்காய் எண்ணெய் 20 கிராம். திரவம் 340 மில்லி. அதில் 100 மில்லி தேங்காய்ப்பாலாக இருந்தால் பாலின் கொழுப்பு தரும் மென்மை கிடைத்துவிடும். உமியை முதலில் திரவத்தில் தூவி, உடனே அடித்துக் கலக்கி, பத்து நிமிடம் விட வேண்டும். உலர்ந்த மாவோடு சேர்த்து நான் செய்த முதல் ரொட்டியில், வெளியே ஊறி உள்ளே காய்ந்த கட்டிகள் பல்லில் பட்டன. பிறகு மற்றவற்றைச் சேர்த்து ஐந்து நிமிடம் நன்றாக அடிக்க வேண்டும். இங்கே அடிப்பது வலை பின்ன அல்ல, காற்றைப் புகுத்த. திராட்சை, பேரீச்சை ஆகியவற்றில் 120 கிராமை வெந்நீரில் ஊறவைத்து, வடித்துத் துடைத்துக் கடைசியில் சேர்க்கவும். காய்ந்த பழம் கூழ்மத்திலிருந்தே நீரை இழுத்துக்கொள்ளும். பட்டைப் பொடி விரும்புகிறவர்கள் கொஞ்சமாகப் போடவும். அதன் மணப்பொருள் ஈஸ்டை அடக்கும். மாவு ஒன்றரை மடங்காக எழும்பியதும் 190 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட வேண்டும். நடுவில் 97 டிகிரி எட்டியிருக்க வேண்டும்.

சுட்டதும் வெட்டக் கூடாது. நெகிழ்ந்த கூழ்மமும் ஊதிய ஸ்டார்ச்சும் ஆறும்போதுதான் இறுகுகின்றன. இரண்டு மணி நேரம் பொறுக்காமல் கத்தி வைத்தால், வெந்த ரொட்டியும் வேகாததுபோல் ஒட்டும். மறுநாள் அது விறைப்பாவது ஸ்டார்ச் இழைகள் மீண்டும் வரிசை கட்டுவதால். குளிர்சாதனப் பெட்டியின் நடுத்தட்டில் இது இன்னும் வேகமாக நடக்கும். ஆகவே ஆறிய அன்றே துண்டுகளாக்கி உறைபெட்டியில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் சூடாக்கிக்கொள்ளலாம். நேற்றைய இட்லியை ஆவியில் வைத்தால் மிருதுவாவதைப் போல, அதுவும் இளகிவிடும்.