நனையாத விறகு ஏன் புகைகிறது?

களுவாஞ்சிக்குடியில் பிறந்து இத்தாலியின் ரெஜ்ஜியோ எமிலியாவில் குடியிருக்கும் வாசகி ஒருவர் இரண்டு கேள்விகளை ஒன்றாக அனுப்பியிருக்கிறார். முதலாவது அவருடையது: "வீட்டில் பெலட் அடுப்பு. விலை குறைவு என்று மே மாதமே மூட்டைகளை வாங்கி நிலக்கீழ் அறையில் அடுக்கினோம். ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. காற்றோட்டத்துக்கு ஜன்னலையும் திறந்தே வைத்தோம். நவம்பரில் பிரித்தால் பாதிக்குப் பாதி தூள்." இரண்டாவது ஊரில் இருக்கும் அம்மாவுடையது: "கச்சானில் காய்ந்த விறகு, மழை படாமல் உள்ளேதான் கிடந்தது. மார்கழியில் ஏன் இந்தப் புகை?"

இரண்டுக்கும் விடை ஒன்றுதான். (மட்டக்களப்பாரல்லாத வாசகர்களுக்கு: இங்கே கச்சான் என்பது கொறிக்கிற நிலக்கடலை இல்லை. தென்மேற்குப் பருவமழை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டித் தீர்த்துவிட, ஈரம் இழந்து இந்தப் பக்கம் சூடாக இறங்கி வரும் காற்று.)

பெலட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, பென்சில் பருமனான சிறு குச்சி. ஒட்டுவதற்குப் பசை எதுவும் அவசியமில்லை. அச்சின் துளைக்குள் தூள் உராய்ந்து நூறு பாகை அளவுக்குச் சூடாகும்போது மரத்திலேயே உள்ள, இழைகளைப் பிணைத்து வைத்திருக்கும் இலிக்னின் என்ற பொருள் இளகி, ஆறும்போது இறுகிப் பிடித்துக்கொள்கிறது. அழுத்தம் எவ்வளவு என்றால் குச்சி தண்ணீரில் மூழ்கும்.

இனி எனக்குப் பிடித்த இடம். மரத்துக்குள் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கிறது. கலங்களின் குழிகளில் குவளைத் தண்ணீர் போலச் சும்மா நிற்பது ஒன்று. பச்சை மரம் வெட்டியதும் முதலில் போவது இதுதான். மற்றது கலச்சுவருக்குள் ஒட்டிக்கொண்டிருப்பது. கலச்சுவரை ஆக்கும் செலுலோசு இழைகள் நெடுக ஐதரொட்சில் கூட்டங்கள் (ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த முனைகள்) இருக்கின்றன என்று உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். அவை ஒவ்வொன்றும் நீர் மூலக்கூறுக்குக் கை நீட்டுபவை. காற்றில் அலையும் நீராவி வந்து அந்தக் கையைப் பிடிக்கும், கொஞ்ச நேரம் இருக்கும், விட்டுப் போகும், இன்னொன்று வரும். வருவதும் போவதும் சமமாகும் வரை மரம் எடை கூடும் அல்லது குறையும். ஆகவே "காய்ந்த விறகு" என்று நிரந்தரமாக ஒன்று கிடையாது. எந்தக் காற்றில் கிடக்கிறதோ அந்தக் காற்றுக்கு ஏற்ற ஈரத்தோடு அது இருக்கும்.

அந்த ஈரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் காற்றின் சாரீரப்பதன். அதாவது, அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய நீராவியில் எத்தனை சதவீதம் இப்போது அதில் இருக்கிறது என்ற கணக்கு. நம் ஊர் வெப்பநிலையில் சாரீரப்பதன் 50 சதவீதம் என்றால் மரத்தில் அதன் உலர் எடையில் ஏறத்தாழ 9 சதவீதம் நீர் தங்கும். 90 என்றால் 20. கச்சான் அடிக்கும் ஆடியில் முதல் எண்ணை நோக்கி இறங்கிய விறகு, வாடைக்காற்றும் அடைமழையுமான மார்கழியில் இரண்டாவதை நோக்கி ஏறுகிறது. கூரை மழையைத் தடுக்கும். நீராவியை எப்படித் தடுக்கும்?

சரி, 20 சதவீத நீர் என்ன கெடுதல் செய்துவிடும்? அதை ஆவியாக்கும் வெப்பம் பெரிய செலவாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. உலர்ந்த மரம் கிலோவுக்கு 18 மெகாயூல் அளவு தருகிறது. அந்தக் கிலோவில் ஏறியிருக்கும் 200 கிராம் நீரை ஆவியாக்க அரை மெகாயூல் போதும். நட்டம் வேறு இடத்தில். நீர் போய்த் தீரும்வரை அந்த இடத்து மரம் 100 பாகையைத் தாண்டச் சிரமப்படும், சுவாலையும் குளிரும். மரத்திலிருந்து கிளம்பும் வாயுக்கள் தீப்பிடிக்கப் பல நூறு பாகை வேண்டும். அது கிடைக்காமல் அவை எரியாமலே வெளியேறுகின்றன. கண்ணைக் கரிக்கும் புகை என்பது நீங்கள் காசு கொடுத்து வாங்கி எரிக்காமல் விட்ட எரிபொருள்.

விறகின் நுனியில் நுரை தள்ளி, உஸ்ஸென்று சத்தம் வந்தால் எங்கள் அம்மம்மா, "நெருப்புச் சிரிக்குது மனே, ஆரோ வரப்போறாங்க" என்பார். சிரித்தது, மரத் துளைகளின் வழியே பீறிடும் நீராவி. விருந்தாளி வந்தார்களோ இல்லையோ, அம்மம்மா இன்னொரு சுண்டு அரிசி போட்டுவிடுவார். மூடநம்பிக்கைகளில் இவ்வளவு சாதுவான ஒன்றை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதனால் இதை எதிர்த்துப் பிரசாரம் செய்ய எனக்கு மனமில்லை.

அதே அம்மம்மா விறகை அடுப்புக்கு மேலே பரணில்தான் அடுக்கினார். அதற்குள் இருக்கும் பௌதிகம் அழகானது. 25 பாகையில் 90 சதவீத சாரீரப்பதனுள்ள மழைக்காலக் காற்றை எடுத்து, ஒரு சொட்டு நீரையும் அகற்றாமல் 40 பாகைக்குச் சூடாக்குங்கள். சாரீரப்பதன் 40 சதவீதத்துக்கு வந்துவிடும். சூடான காற்றால் இன்னும் நிறைய நீராவியைத் தாங்க முடியும் என்பதால் அதற்குத் தாகம் எடுக்கிறது. அந்தக் காற்றில் கிடக்கும் விறகு 7, 8 சதவீதத்துக்கு இறங்கும். நடு மார்கழியில், அடுப்புக்கு மேலே ஒரு முழ உயரத்தில், அம்மம்மா கச்சானை வைத்திருந்தார்.

இத்தாலியில் நடந்தது இதன் தலைகீழ். கோடையில் வெளியே 28 பாகை, சாரீரப்பதன் 60 என்று வையுங்கள். மோசமில்லாத காற்று. அது திறந்த ஜன்னல் வழியே நிலக்கீழ் அறைக்குள் இறங்கி 20 பாகைக்குக் குளிர்ந்தால் சாரீரப்பதன் 97! நல்லெண்ணத்தோடு திறந்து வைத்த அந்த ஜன்னல்தான் குற்றவாளி. பல பெலட் மூட்டைகளில் காற்றுப் போக ஊசித் துளைகள் இருக்கும். மாதக்கணக்கில் ஈரம் அவற்றின் வழியே நுழைய நேரம் தாராளம். நீர் ஏறியதும் அழுத்திவைத்த இழைகள் புடைத்து நிமிர்கின்றன, இலிக்னின் பிடி விடுகிறது. விறகு என்றால் மறுபடி காயவைக்கலாம். பெலட்டைக் காயவைத்தால் காய்ந்த தூள்தான் மிஞ்சும்.

ஆகவே மூட்டைகளை வீட்டின் வாழும் தளத்திலேயே, சுவரிலும் கொங்கிறீற் தரையிலும் படாமல் மரச்சட்டத்தின் மேல், அடுப்பிலிருந்து நன்றாகத் தள்ளி அடுக்குங்கள். பிரித்த மூட்டையை இறுகக் கட்டுங்கள். ஒரு குளிர்காலத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். சில வீடுகளில் தொன் கணக்கில் கொட்டிவைக்கும் மூடிய அறைகள் உண்டு. பெலட்டிலுள்ள கொழுப்பமிலங்கள் மெல்ல ஒட்சியேறிக் காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவை வெளிவிடும். ஐரோப்பாவில் அப்படி உயிர்களும் போயிருக்கின்றன. அத்தகைய அறையைக் காற்றோட்டம் விடாமல் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது.

வாங்கும்போது மூட்டையின் அடியைப் பாருங்கள், தூள் எவ்வளவு என்று. பெலட்டில் உயர்ந்ததான ஏ1 தரம் என்றால் சாம்பல் 0.7 சதவீதத்துக்கு மேற்படாது, ஈரம் 10க்கு மேற்படாது. நாலு குச்சியைக் குவளைத் தண்ணீரில் போடுங்கள். மூழ்கினால் நன்று, மிதந்தால் அழுத்தம் போதவில்லை.

"நம் ஊர் உமியில் செய்ய முடியாதா?" என்று கடைசியில் கேட்டிருந்தார். நெல்லின் எடையில் ஐந்தில் ஒன்று உமி. அம்பாறை மாவட்டத்து ஆலைகளில் அது குன்று குன்றாய்க் கிடக்கிறது. ஆனால் உமியின் எடையில் ஐந்தில் ஒன்று சாம்பல், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. உமிக்கரி பல்லைத் துலக்குவதும் அதனால்தான். பெலட் அச்சு சீக்கிரம் தேய்வதும் அதனால்தான். 15 கிலோ ஏ1 பெலட் எரித்தால் நூறு கிராம் சாம்பல். உமி என்றால் 3 கிலோ. வீட்டு அடுப்பு மூச்சுத் திணறிப்போகும். மரத்தூள் கலக்கலாம், சாம்பலைத் தானே தள்ளும் அடுப்பு வடிவமைக்கலாம். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, சுற்றிலும் வயலும் ஆலையும். 2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாடு, இதற்கு நாலைந்து வருடம் தொடர்ச்சியாகப் பணம் ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்?

அம்மாவுக்கு: இப்போதைய வீட்டில் பரண் இருக்காது. நாளைக்கு வேண்டிய விறகை இன்றிரவு, நெருப்பை அணைத்து ஆறவிட்ட பிறகு, சூடு மிச்சமிருக்கும் அடுப்படியில் பிளந்து சாய்த்து வையுங்கள். முழுக் கட்டையாக வேண்டாம். ஈரம் உள்ளிருந்து வெளியே வர எடுக்கும் தூரம் பிளந்தால்தான் குறையும்.