பள்ளிக்கரணைல கோட்டுக்கு வெளிய இருக்குற காலி நிலத்தை ஏன் விடச் சொல்றாங்க?

தென் சென்னைல இருக்குற பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சார் பட்டியல்ல (உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்) சேந்துச்சு, 1247 ஹெக்டேர். சரி, கோடு போட்டாச்சு, உள்ள கட்டக்கூடாது, வெளிய கட்டிக்கலாம்னுதான் எல்லாரும் நினைச்சோம். ஆனா 2025 செப்டம்பர்ல தேசிய பசுமைத் தீர்ப்பாயம், சதுப்போட எல்லைய அளக்குற ஆய்வு முடியிற வரைக்கும் அதைச் சுத்தி 1 கிலோமீட்டருக்கும் புதுசா கட்டட அனுமதி குடுக்காதீங்கன்னு சொல்லிடுச்சு. தண்ணியே நிக்காத மேட்டு மனைய ஏன் சார் தடுக்குறாங்கன்னு கேக்குறவங்களுக்குத்தான் இது.

முதல்ல தண்ணி எந்த வழியா வருது போகுதுன்னு பாத்துருவோம். தென் சென்னைல கிட்டத்தட்ட 250 சதுர கிலோமீட்டர்ல பெய்யுற மழை, முப்பதுக்கும் மேல ஏரிகள் ஒண்ணு ரொம்பி இன்னொண்ணுல வழிஞ்சு கடைசில இங்கதான் வந்து சேருது. வெளிய போறதுக்கு முக்கியமான வாசல் ஒண்ணே ஒண்ணுதான், ஒக்கியம் மடுவுங்கிற வாய்க்கால். அங்கேருந்து பக்கிங்ஹாம் கால்வாய்ல விழுந்து, தெற்க சுமார் 15 கிலோமீட்டர் போய், முட்டுக்காடு முகத்துவாரத்துல கடலைப் பாக்கும். இவ்ளோ தூரத்துக்கும் சரிவு ரொம்ப ரொம்ப கம்மி, தண்ணி ஓடுறதில்ல, நகருது அவ்ளோதான்.

இப்ப கடல் பக்கம் வாங்க. ஒரு நாளைக்கு ரெண்டு தடவ ஓதம் ஏறுது, அந்த நேரத்துல முகத்துவாரத்துல கடல் மட்டம் உசந்து நிக்கும், உள்ளேருந்து வர்ற தண்ணி வெளிய போகவே முடியாது. புயல் வந்தா இன்னும் மோசம், காத்து கடலைக் கரைக்குத் தள்ளி வச்சிருக்கும், மழையும் அதே நேரத்துலதான் கொட்டும். இதுல முகத்துவாரத்துல அலை கொண்டாந்து போடுற மண்ணு வேற. ஆக தண்ணி எங்கயாவது காத்திருந்தே ஆகணும். பள்ளிக்கரணை அதுக்கான வெயிட்டிங் ரூம். ஓதம் இறங்கினா கொஞ்சம் போகும், ஏறினா நிக்கும், மறுபடி போகும், இப்படி நாள்கணக்குல வடியும்.

இந்த ரூமோட அளவு கோடை காலத்துல தண்ணி நிக்குற இடம் மட்டும் இல்லைங்க, இங்கதான் நிறைய பேர் கோட்டை விடுறாங்க. மழை நேரத்துல தண்ணி மட்டம் ஒரு அடி ஏறுனா, நிலம் தட்டையா இருக்கறதால அது பக்கவாட்டுல ரொம்ப தூரம் விரியும். அப்படி விரியுற ஓரந்தான் நம்ம கண்ணுக்கு ஒன்பது மாசம் காஞ்ச காலி மனையா, நாலு மாடு மேயுற புறம்போக்கா தெரியுது. அதுல ஒரு ஏக்கரை 1 மீட்டர் உசரத்துக்கு மண்ணடிச்சு ஏத்துனா, சுமார் 40 லட்சம் லிட்டர் தண்ணி நிக்க வேண்டிய இடம் போச்சு. 12,000 லிட்டர் லாரில கணக்குப் போட்டா 330 லாரிக்கு மேல. அந்தத் தண்ணி ஆவியாப் போகாது, பக்கத்துல பழைய உசரத்துலயே இருக்குற வீட்டு ஹால்ல வந்து நிக்கும். உடனே அவரும் வீட்டை ஜாக்கி வச்சுத் தூக்குவாரு, அப்புறம் அடுத்த தெருவுக்குப் பிரச்சனை.

2015 டிசம்பர் ஒண்ணாந்தேதி மழைல தாம்பரத்துல 24 மணி நேரத்துல 49 சென்டிமீட்டர் பதிவாச்சு. ஒரு ஹெக்டேர்ல ஒரு சென்டிமீட்டர் மழைன்னா 1 லட்சம் லிட்டர், மீதியை நீங்களே பெருக்கிப் பாத்துக்கோங்க. இந்த அளவுக்கு எந்த மழைநீர் வடிகாலும் பத்தாது, எவ்ளோ கோடி போட்டாலும் சரி. வடிகால் தண்ணிய சீக்கிரமா கொண்டு போய்ச் சேர்க்கும், அங்க வாசல் சாத்திக் கெடந்தா அது என்ன பண்ணும்?

கட்டக்கூடாத இடத்துல இதுவரைக்கும் என்னென்ன வந்துச்சுன்னு தனியா சொல்ல வேண்டியதில்ல. பெருங்குடி குப்பைமேடு, நடுவுல வெட்டிட்டுப் போற ரேடியல் ரோடு, ஆராய்ச்சி நிறுவனங்க, ஐடி கட்டடங்க. 2007ல முதல்ல காப்புக்காடா அறிவிச்சப்போ கிடைச்சது 317 ஹெக்டேர்தான்.

இந்தக் காலி நிலத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கு, அது மண்ணுக்கு அடியில. கிழக்க ஈசிஆர் பக்கம் பூரா மணல், மழைத்தண்ணி நேரா உள்ள இறங்கும். நல்ல தண்ணி உப்புத் தண்ணியவிட லேசு, அதனால மேல மிதக்குது. கடல் மட்டத்துக்கு மேல நிலத்தடி நீர் 1 மீட்டர் நின்னா, கீழ சுமார் 40 மீட்டர் வரைக்கும் உப்பைத் தள்ளி வைக்கும். இதையே திருப்பிப் பாருங்க, போர் போட்டு 1 மீட்டர் இறக்கினா உப்பு 40 மீட்டர் மேல வரப் பாக்கும் (உடனே இல்ல, மெதுவா). மணல் மேல சிமெண்ட் போட்டு மூடிட்டு அடியில மோட்டாரும் ஓட்டினா ரெண்டு பக்கமும் அடி. வடக்க மீஞ்சூர்ல இப்படி உறிஞ்சு உறிஞ்சுதான் கடல் பல கிலோமீட்டர் உள்ள வந்துச்சு.

என்னைக் கேட்டா 1 கிலோமீட்டர்ங்கிறது தற்காலிகக் கணக்காதான் இருக்கணும். தண்ணி காம்பஸ் வச்சு வட்டம் போட்டுப் பரவாது. மேடான பக்கத்துல 1 கிலோமீட்டர் அதிகமாவே இருக்கலாம், ஆனா ஏரி உபரி வர்ற பெரும்பாக்கம் பக்கமும் ஒக்கியம் மடுவுலேருந்து கால்வாய் போற வழியும் அதுல முழுசா அடங்காது. நில மட்டத்தை அளந்து, வெள்ளத்துல தண்ணி ஏறுற கோடு எதுவோ அதை எல்லையா வைக்கட்டும், அது சிலரோட மனைய விடுவிக்கும், வேற சிலரோட மனைல போய் நிக்கும்.