சந்தையை வரையும் முன் டியூபைத் திருப்பிப் பாருங்கள்

ஆயில் பெயின்டிங் கற்க வருகிறவர்கள் சீக்கிரமே சந்தைக் காட்சியில் கை வைத்துவிடுகிறார்கள். நெரிசல், பழக் குவியல்கள், தலைக்கு மேல் வண்ணத் துணிப் பந்தல் என்று கண்ணெதிரே நிறம் கொட்டிக் கிடக்கும்போது பெட்டியில் உள்ள எல்லா டியூபையும் பிதுக்கத்தான் தோன்றும். பிதுக்குங்கள். ஆனால் படம் முழுக்கப் பளீரென்று அடித்தால் எதுவுமே பளீரென்று தெரியாது. சிவப்புப் பந்தலுக்கு அடியில் நிற்பவரின் முகத்தில் அந்தச் சிவப்பு படிந்திருக்கும். அதைத் துணிந்து சிவப்பாகவே போடுங்கள். பக்கத்தில் சட்டை நிழலைச் சாம்பல் கலந்த பச்சையில் அடக்கிவிடுங்கள். முகம் தானாக எழுந்து வரும். 1905-இல் பாரிஸ் கண்காட்சியில் மத்தீஸ், தெரெய்ன் என்ற ஓவியர்கள் வைத்த படங்களை ‘காட்டு மிருகங்கள்’ வேலை என்று கேலி செய்தார்கள். அவர்கள் வரைந்த பச்சை முகமும் சிவப்பு மரமும் இன்றும் நம் கண்ணை உறுத்தாததற்கு ஒரு காரணம், வெளிச்சமும் இருட்டும் பெரும்பாலும் சரியான இடத்தில் விழுந்திருப்பது. உங்கள் படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். கூட்டம் ஒரே சாம்பல் திட்டாகத் தெரிந்தால் புதிய நிறம் தேடிப் பயனில்லை.

சரி, டியூபுக்கு வருவோம். வான்கோ 1888-இல் வரைந்த படுக்கையறையின் சுவர் இன்று நீலமாக இருக்கிறது. அவர் பூசியது ஊதா. அதில் கலந்திருந்த சிவப்பு வெளிறிப்போனதால் நீலம் மட்டும் மிஞ்சியது. இன்றும் கடையில் கிடைக்கும் அலிசரின் கிரிம்சன் என்ற அடர் சிவப்புக்கு அதே பலவீனம் உண்டு, வெள்ளையோடு கலந்து மெல்லியதாகப் பூசினால் இன்னும் மோசம். லேபிளில் நிறமி எண் பி.ஆர். 83 என்று இருந்தால் அதுதான். பதிலுக்குக் குவினாக்ரிடோன் வகைச் சிவப்பை எடுங்கள். நிறமி எண்ணே போடாத டியூபை நான் வாங்குவதில்லை.

பழக் குவியலுக்குக் காட்மியம் மஞ்சளையும் சிவப்பையும் மிஞ்ச ஆளில்லை. காட்மியம் நச்சு உலோகம்தான், ஆனால் டியூபில் பசையாக இருக்கும்வரை பெரிய பயமில்லை. தூளாகி மூச்சில் போவதுதான் ஆபத்து. காய்ந்த தடித்த பூச்சை உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். பிரஷ் முனையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் கவலைப்படுவது பெயின்ட் துடைத்த துணியைப் பற்றி. பெயின்டில் நிறமியைக் குழைத்திருக்கும் லின்சீட் ஆயில் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அப்போது வெப்பம் உண்டாகும். துணி விரிந்து கிடந்தால் வெப்பம் காற்றோடு போய்விடும். கசக்கிக் குப்பைக்கூடையில் திணித்தால் உள்ளேயே சேர்ந்து, தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும். அதுவும் உடனே நடக்காது; வேலை முடிந்து கதவைப் பூட்டிக்கொண்டு போன பிறகு நடக்கலாம். தடித்துப் பூசி, வழித்து, மறுபடி பூசும் சந்தைப் படத்தில் துணி கூடுதலாகத்தான் சேரும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெளியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் முக்கி மூடுங்கள்.

அப்புறம், பிரஷ் கழுவ வாசனையில்லாத கரைப்பான் என்று விற்பதும் ஆவியாகத்தான் செய்யும். மூக்குக்குத் தெரியாது, அவ்வளவுதான். ஜன்னல் திறந்தே இருக்கட்டும். அழுக்கான டர்பன்டைனை வாஷ்பேசினில் கொட்டாமல் பாட்டிலில் மூடி வையுங்கள். நிறம் அடியில் வண்டலாகத் தங்கியதும், மேலே தெளிந்ததை வடித்து மறுபடி பிரஷ் கழுவலாம்.