குமிழி இருந்தா பழசுன்னு யாருங்க சொன்னது?

இந்த மாசத்துல இது நாலாவது. நேத்து ஒரு தம்பி, நீலக் கண்ணாடி மைக்கூடு ஒண்ணை துண்டுல சுத்தி பத்திரமா கொண்டு வந்தாரு. 12,000 ரூபா குடுத்திருக்காரு. "சார், உள்ள எவ்வளவு குமிழி பாருங்க, கண்டிப்பா வெள்ளைக்காரன் காலம்"னு அவர் சொல்லும்போது முகத்துல அவ்வளவு சந்தோஷம், எனக்கு வாயே வரல. திருப்பி அடியைப் பாத்தேன். கீறல் எல்லாம் ஒரே திசையில, பழசு மாதிரி காட்ட உப்புத்தாள் போட்டுத் தேச்ச வேலை.

குமிழி வயசு சொல்லாதுங்க. உருகின கண்ணாடியில காத்து முழுசா வெளியேறலன்னா குமிழி நிக்கும், அது அன்னிக்கும் நின்னுச்சு, இன்னிக்கும் உடைஞ்ச பாட்டிலை உருக்கி வாயால ஊதுற பட்டறையில நிக்குது, சொல்லப்போனா வேணும்னே நிறைய விடுறாங்க ஏன்னா நீங்க அதைப் பாத்துதான் காசை எடுக்குறீங்க. விக்டோரியா காலத்து நல்ல பட்டைவெட்டுக் கண்ணாடியில ஒரு குமிழிகூட இல்லாம இருக்கும். ஊதா நிறமும் அப்படித்தான். பழைய கண்ணாடியில மாங்கனீஸ் இருந்தா வருஷக்கணக்கா வெயில் பட்டு லேசா ஊதாவாகும், ஆனா இப்ப கதிர்வீச்சு குடுத்து சில நாள்லயே அடர் ஊதா ஆக்கிடுறாங்க.

அடியையும் வாயையும் பாருங்க. மேஜையில படுற விளிம்புல மட்டும், குறுக்கும் நெடுக்குமா தேய்மானம் இருக்கணும். அச்சு ரெண்டு பாதியும் சேர்ற இடத்துல விழுற அச்சுக்கோடு வாயோட மேல் விளிம்பு வரைக்கும் ஏறிப்போச்சுன்னா அது மெஷின் பாட்டில், தானா பாட்டில் செய்யுற ஓவன்ஸ் மெஷினே 1903-லதான் வந்துச்சு. பார்க்கர் கம்பெனி மையோட பேரான குவிங்க்னு எழுதியிருந்தா 1931-க்கு முன்னாடி போகவே முடியாது. டிசைனைப் பதிவு பண்ணினதுக்கு அடையாளமா போடுற பிரிட்டிஷ் வைர வடிவ முத்திரை 1842-லேர்ந்து 1883 வரைக்கும், 1884-லேர்ந்து வெறும் பதிவு எண். அதுவும் டிசைன் பதிவான வருஷம்தான், உங்க கையில இருக்கிறது அதுக்கப்புறம் செஞ்சதா இருக்கலாம். வாயைச் சுத்தின வெள்ளி வளையத்துல வருஷத்தைக் குறிக்கிற முத்திரை எழுத்து இருந்தா அது வெள்ளிக்கு மட்டும்தான், கண்ணாடிக்கு இல்ல, மூடி மாத்தின கூடு எவ்வளவோ என் கைக்கு வந்திருக்கு.

வீட்லயே தாத்தாவோட மைக்கூடு இருந்தா, தயவுசெஞ்சு புளி போட்டுத் தேய்க்காதீங்க, முழுசா தண்ணியில முக்காதீங்க. பித்தளை வளையத்தை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வச்சு ஒட்டியிருப்பாங்க, ஊறினா விட்டுடும். கூட்டுக்குள்ள மட்டும் கொஞ்சம் சாதா தண்ணி ஊத்தி, வளையம் நனையாம, காஞ்ச மை தானா கரையட்டும். போன வாரம் ஒரு அம்மா ராத்திரி பூரா பக்கெட்ல ஊறவச்சுட்டு மூடி தனியா கண்ணாடி தனியா கொண்டு வந்தாங்க, அது நிஜமாவே பழசு.