‘வேறு என்றால்’ எதற்கு, ‘இல்லையேல்’ இருக்க?

போன வாரம் அக்கா மகள் ஒரு கணினிக் கையேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பிளாக் எனப்படும் கட்டளைத் துண்டுகளைக் கோத்துப் பிள்ளைகள் நிரல் எழுதும் ஸ்கிராட்ச்சில் ஒரு பூனை உண்டு. அதற்கு மதிப்பெண் கொடுத்தால் அது பதில் சொல்ல வேண்டும்: 90க்கு மேல் ‘பிரமாதம்’, 75க்கு மேல் ‘நன்று’, 50க்கு மேல் ‘சுமார்’, அதற்கும் கீழே ‘இன்னும் படி’. ஆனால் 95 கொடுத்தாலும் பூனை ‘சுமார்’ என்கிறது.

கையேட்டைப் புரட்டினேன். ‘எல்ஸ்’ (else) என்பதற்கு ‘வேறு’, ‘எல்ஸ் இஃப்’ (else if) என்பதற்கு ‘வேறு என்றால்’. “வேறுன்னா வேற பிளாக்தானே மாமா?” என்கிறாள். அப்படியே செய்தும் இருந்தாள். நிபந்தனையைச் சோதிக்கும் ‘இஃப்’ (if) பிளாக்குகள் மூன்றும் தனித்தனியாக, ஒன்றன்கீழ் ஒன்று. 95 மூன்று வரம்பையும் தாண்டுவதால் மூன்றுமே ஓடின. ‘சொல்’ பிளாக் முந்தைய பேச்சை அழித்துவிட்டுப் புதியதைக் காட்டும். கடைசியாக வந்த ‘சுமார்’ மட்டும் திரையில் நின்றது. பிள்ளை மேல் தப்பில்லை. இந்த ‘வேறு என்றால்’ என் கண்ணில் படுவது இது முதல் தடவையும் இல்லை.

‘எல்ஸ்’ பழைய ஆங்கிலத்தில் ‘எல்லெஸ்’. ‘பிற’ என்று பொருள்படும் வேரிலிருந்து வந்தது. லத்தீன் ‘அலியஸ்’ இதற்குத் தூரத்துச் சொந்தம். ஆகவே அகராதியில் ‘வேறு’ என்று இருப்பது பிழையில்லை. ‘வேறு என்ன வேண்டும்?’ என்று கடைக்காரர் கேட்கும் இடத்துக்கு அது பொருந்தும். நிரலில் ‘எல்ஸ்’ செய்வது அந்த வேலையை அல்ல. மேலே சோதித்தது பொய்த்துப்போனால் மட்டும் இங்கே வா என்கிறது. அந்தப் பொய்த்தல் ‘வேறு’ என்பதில் துளியும் இல்லை.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டாம். ‘கண்ணிற்கு அணிகலம் கண்ணோட்டம் அஃதின்றேல் புண்ணென்று உணரப் படும்’ என்ற 575ஆம் குறளில் அச்சு அசல் இஃப்–எல்ஸ் இருக்கிறது: கண்ணோட்டம் இருந்தால் அணிகலம், அஃதின்றேல் புண். இன்றைய நடையில் ‘இல்லையேல்’. இதிலுள்ள ‘ஏல்’ என்பதற்கு ‘எனில்’ என்று பொருள். ஆத்திசூடியின் ‘ஈவது விலக்கேல்’ என்பதில் வருவது வேறு ஏல், ‘செய்யாதே’ என்கிற ஏவல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

‘எழில்’ என்கிற தமிழ் நிரல்மொழி ‘ஆனால்’, ‘இல்லைஆனால்’, ‘இல்லை’ என்று மூன்று சொல் வைத்திருக்கிறது. உழைப்புக்கு வணக்கம். நிபந்தனையை முன்னே வைத்து ‘ஆனால்’ என்பதைப் பின்னே போட்டதும் தமிழுக்கு ஒத்த வரிசைதான். ஆனாலும் (பாருங்கள், நானே மாட்டிக்கொண்டேன்) இன்றைக்கு ‘ஆனால்’ என்றதும் யாருக்கும் முதலில் தோன்றுவது மறுத்துப் பேசும் பொருள்தானே? ‘இல்லைஆனால்’ என்பதைச் சத்தமாக வாசித்தால் பேச்சு பாதியில் நின்றது போலிருக்கிறது. அதற்கு ‘எனில்’, ‘இல்லை எனில்’, ‘இல்லையேல்’ என்று வைத்துக்கொள்ளலாம். சொல்லைப் பார்த்ததுமே எது எத்தனையாவது படி என்று தெரியும்.

கையேடு செய்த இன்னொரு கூத்து, ‘தென்’ (then) என்பதற்குப் ‘பிறகு’. ‘என்றால் மதிப்பெண் 90க்கு மேல் பிறகு’! ‘பிறகு’ காலத்தைச் சொல்லும் சொல். சாப்பிட்ட பிறகு தூங்கலாம். இங்கே நடப்பது காரண காரியம். அதைத் தமிழில் ‘எனில்’ ஒன்றே சொல்லிவிடும், ‘தென்’னுக்கென்று தனிச்சொல் தேவையே இல்லை. ஸ்கிராட்ச்சில் ‘இஃப் … தென்’ என்ற வாசகம் முழுவதும் ஒரே சரமாகத்தான் (ஒரே எழுத்துத் துண்டாக) மொழிபெயர்ப்பாளர் கைக்கு வருகிறது; சோதனைக்கான அறுகோணக் குழியை முன்னுக்குத் தள்ளி, அதற்குப் பின்னால் ‘எனில்’ போடத் தடை ஏதுமில்லை. ஆங்கிலச் சொல் நின்ற இடத்திலேயே தமிழ்ச்சொல்லும் நிற்க வேண்டும் என்று யார் சொன்னது?

பிளாக் வைத்து நிரல் எழுத உதவும் இன்னொரு கருவியான பிளாக்லியில் கொஞ்சம் சிக்கல்தான். அங்கே ‘இஃப்’, ‘டூ’ (do), ‘எல்ஸ் இஃப்’, ‘எல்ஸ்’ நான்கும் தனித்தனிச் சரங்கள், குழி எப்போதும் சொல்லுக்குப் பின்னால். ‘டூ’ அடுத்த வரியில் வருவதால் ‘எனில்’ என்பதை அங்கே இறக்கிவிடலாம். முதல் வரியில் ‘சோதி’, எல்ஸ் இஃப் வரியில் ‘இல்லையேல் சோதி’, கடைசிக் கிளைக்கு ‘எதுவும் இல்லையேல்’. பிளாக்கில் உள்ள பற்சக்கரக் குறியைச் சொடுக்கி எத்தனை கிளை சேர்த்தாலும் வாசிப்பு முறியாது.

கையேட்டில் இந்தப் பாடத்தின் தலைப்பைச் சொல்ல மறந்தேன்: ‘பன்கிளை நிபந்தனைத் தொகுதி’. நிபந்தனை வடமொழி வழி வந்தது, போகட்டும், பழகிவிட்டது. ஆனால் ‘பிளாக்’ என்பதற்கு வைத்த தொகுதியைப் பார்த்தால் எனக்கு எம்.எல்.ஏ.தான் நினைவுக்கு வருகிறார். பிள்ளைகள் வாயில் ‘பிளாக்’ என்றே புழங்குகிறது, அதை விட்டுவிடலாம். தூய்மை பார்க்க வேண்டிய இடம் ‘எல்ஸ்’, அங்கேதான் நிரல் தவறுகிறது.

ஸ்கிராட்ச்சில் எல்ஸ் இஃப் பிளாக்கே கிடையாது. அதனால் அவள் பிளாக்குகளைப் பிரித்து, ‘இஃப்–எல்ஸ்’ பிளாக்குகளாக மாற்றி, ஒவ்வொன்றையும் மேலே உள்ளதன் ‘எல்ஸ்’ வாய்க்குள் செருக வைத்தேன். கையேட்டில் ‘வேறு’ என்பதை அடித்துவிட்டு ‘இல்லையேல்’ என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். அவள் அதை ‘இல்லேன்னா’ என்றுதான் வாசித்தாள். பூனை ‘பிரமாதம்’ என்றது.