எச்சம் இருக்க ‘பங்கேற்பு’ எதற்கு?

பள்ளி ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கச் சொல்லும் கேள்வி உண்டு. ராம் வேலையை முடித்தான். ராம் வீட்டுக்குப் போனான். ‘ஹேவிங் ஃபினிஷ்ட் ஹிஸ் ஒர்க், ராம் வென்ட் ஹோம்’ என்று சேர்த்தால் மதிப்பெண். முன்பாதியில் இருப்பதுதான் பார்டிசிபிள். இதைப் ‘பங்கேற்புச் சொல்’ என்று காணொளிக்குக் காணொளி சொல்லித்தருகிறார்கள். யார், எதில் பங்கேற்றார்கள்?

லத்தீன் ‘பார்டிசிபியம்’தான் மூலம். வினையின் தன்மையிலும் பெயரின் தன்மையிலும் பங்குள்ள சொல் என்று கிரேக்க இலக்கணக்காரர்கள் வைத்த பெயரின் மொழிபெயர்ப்பு அது. அகராதியைத் திறந்து முதல் பொருளை அப்படியே எடுத்துப் போட்டால், மாணவனுக்கு விழா அழைப்பிதழ்தான் நினைவுக்கு வரும்.

எச்சம் என்று நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது. எஞ்சி நிற்பது எச்சம். தொல்காப்பியத்திலேயே ‘வினையெஞ்சு கிளவி’ வருகிறது. ‘வேலையை முடித்துவிட்டு...’ என்று நிறுத்திப் பாருங்கள், காது மிச்சத்தைக் கேட்கும். கால்டுவெல் காலத்து ஆங்கில நூல்கள் நம் வினையெச்சத்தை ‘வெர்பல் பார்டிசிபிள்’ என்றும் பெயரெச்சத்தை ‘ரிலேட்டிவ் பார்டிசிபிள்’ என்றும்தான் எழுதின. அவர்களுக்குத் தெரிந்த பொருத்தம் இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணில் படவில்லை.

‘ஈஸ் வாக்கிங்’, ‘ஹேஸ் ஃபினிஷ்ட்’ போன்ற முற்றுகளுக்குள்ளும் பார்டிசிபிள் வருகிறதே, அங்கே எச்சம் என்று எப்படிச் சொல்வது என்பார்கள். நடந்துகொண்டிருக்கிறான், முடித்திருக்கிறான்: பிரித்துப் பாருங்கள். நடந்து, கொண்டு, முடித்து எல்லாம் வினையெச்சங்கள்தானே! இந்த வாதத்தை எழுதும்போதே அவர்கள் நாலு எச்சமாவது போட்டிருப்பார்கள்.

எரிச்சலின் உச்சம், ‘டாங்ளிங் பார்டிசிபிள்’ என்பதைத் ‘தொங்கும் பங்கேற்பு’ என்பது. ‘வாக்கிங் டவுன் த ரோட், த ரெயின் ஸ்டார்ட்டட்’ என்றால் நடந்தது மழை என்று ஆகிவிடும். அந்தப் பிழைக்கு இப்படியொரு பெயர். செய்து, செய்யூ, செய்பு ஆகிய வாய்பாடுகளில், அதாவது வடிவ மாதிரிகளில், வரும் வினையெச்சங்கள் அந்தச் செயலைச் செய்தவனின் வினையைக் கொண்டே முடிய வேண்டும் என்று தொல்காப்பியம் வினையியலில் விதியே இருக்கிறது. ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ மாதிரி விலக்குகளும் உண்டு, சரி. ஆனால் ‘சாலையில் நடந்து மழை பிடித்தது’ என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. ‘நடக்கும்போது’ என்று தானே மாற்றிக்கொள்ளும். ‘எழுவாய் தவறிய வினையெச்சம்’ என்று சொல்லிக்கொடுத்தால் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலப் பிழையும் அங்கேயே பிடிபடும்.